சுவாங்மே வழியாக வந்த மாமி

சில சொற்களைக் கண்டால் சட்டைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது நல்லது. ‘சர்வதேச’ என்பது அவற்றில் முதலாவது. லண்டன் டூட்டிங்கில் ஒரே ஒரு நாற்காலி போட்டு முடி வெட்டுபவர் தன் கடைக்கு ‘இன்டர்நேஷனல்’ என்று பலகை மாட்டியிருக்கிறார். ஐந்து உறுப்பினரும் அவர்களுக்குள் நான்கு தலைவர்களும் உள்ள நம்மவர் சங்கம் ஒன்று ‘அனைத்துலக’ என்று தொடங்குகிறது. லண்டனிலிருந்து ரயிலேறி, மாடு மேயும் வயல்களைத் தாண்டி இறங்கினால் அங்கே ஒரு ‘லண்டன்’ விமான நிலையம் இருக்கிறது. இவற்றால் பெரிய கேடு எதுவும் இல்லை. முடி வெட்டப்படுகிறது, சங்கம் உடைகிறது, விமானம் பறக்கிறது.

சுவாங்மே சர்வதேச விமான நிலையத்தில் இந்தக் கடைசிக் காரியம் மட்டும் அநேகமாக நடப்பதில்லை. மற்றபடி அது ஒரு குறையும் இல்லாத விமான நிலையம். பளிங்குத் தரை, செயற்கை நீர்வீழ்ச்சி, இருபத்துநான்கு வாசல்கள், வாசலுக்கு வாசல் சீருடை அணிந்த பெண்கள். பீஜிங் ஒலிம்பிக்குக்கு முந்திய வருடம் அது. சீனாவில் ஊருக்கு ஊர் ஓடுபாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊருக்கு வந்துவிட்டதே என்ற வயிற்றெரிச்சலில் சுவாங்மேயும் போட்டது.

லண்டன் மோர்டனில் இருக்கும் நிர்மலனுக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் செய்பவன் அவன். அவன் மனைவி மாலினி ஒன்பது மாத வயிற்றோடு வீட்டில் இருந்தாள். அவர்களுடைய முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அப்போது மாலினிக்குப் பக்கத்தில் அவளைப் பெற்றவள் இல்லை. நிர்மலன்கூட ஷிப்டை மாற்ற முடியாமல் வேலையில் நின்றான். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. இந்தமுறை வியாழக்கிழமை சத்திரசிகிச்சை என்று டாக்டர்கள் நாள் குறித்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அதுக்கு முதல் அம்மா வந்திடுவா என்ன?”

“கட்டாயம் வருவா. நீர் யோசியாதையும்” என்றான் நிர்மலன்.

மாலினியின் தாய் பரிமளகாந்தி கொழும்பில் வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தார். அவருக்கு லண்டன் விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டு, மூன்றாம் தரம் கிடைத்திருந்தது. டிக்கெட்தான் பாக்கி. நிர்மலன் நேரே யோகராஜாவின் கடைக்குப் போனான். முருங்கைக்காய், போன் கார்ட், விமான டிக்கெட் மூன்றையும் ஒரே மேசையில் வைத்து விற்பவர் யோகராஜா.

“தம்பி, இது புது லைன். கொழும்பு, பாங்கொக், சுவாங்மே, லண்டன். மற்ற டிக்கெட்டுகளின்ரை அரை விலை.”

“சுவாங்மே எங்கையண்ணை கிடக்கு?”

“இடையிலை” என்றார் யோகராஜா.

ஞாயிற்றுக்கிழமை நிர்மலன் மாமிக்கு ஒரு குளிர்ச் சட்டையும் கம்பளித் தொப்பியும் எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனான். வருகைப் பலகையில் சுவாங்மே இல்லை. விசாரணை மேசையில் இருந்த பெண் அந்தப் பெயரை மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு விமானம் தங்களுக்கு என்றைக்குமே வந்ததில்லை என்றாள். அந்த நேரம் பார்த்து அவன் கைத்தொலைபேசி அடித்தது.

“தம்பி, நான் லண்டனுக்கு வந்திட்டன்” என்றார் மாமி.

“எங்கை மாமி? நான் வாசலிலைதானே நிக்கிறன்.”

“நான் உள்ளுக்கை. பெரிய மண்டபம். தண்ணி மேலையிருந்து கொட்டுது. எனக்கு மாலை போட்டு, பாண்ட் அடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவை. லண்டன் இவ்வளவு மரியாதையான ஊர் எண்டு மாலினி ஒரு நாளும் சொல்லேல்லை.” மாமி குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்டு தம்பி. வெள்ளைக்காரர் ஒருத்தரையும் காணேல்லை.”

நிர்மலன் குளிர்ச் சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சுவாங்மேயிலிருந்து லண்டனுக்கு ஒரு விமானம் வந்தது உண்மை. ஒரு தரம் வந்தது. அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் வந்து, படம் எடுத்து, கடைகளுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த விமானம் ‘சரிசெய்யப்பட்டுக்கொண்டிருந்தது’. பாங்கொக்கிலிருந்து சுவாங்மேக்கு மட்டும் வாரம் ஒரு விமானம் ஒழுங்காகப் போய் வந்தது. ஆகவே அந்த ஊருக்குள் போகலாம். அங்கிருந்து முன்னால் போக முடியாது. சீன விசா இல்லாததால் மாமிக்குக் கதவைத் தாண்டி வெளியே போகவும் முடியாது.

திங்கட்கிழமை காலை நிர்மலன் அந்த விமான நிலையத்தின் லண்டன் அலுவலகத்தைத் தேடிப் போனான். ஹோல்போர்ன் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடம். வாசலில் ‘சுவாங்மே சர்வதேச விமான நிலைய வான்தொடர்பு மேம்பாட்டுப் பணியகம்’ என்று பொன்னெழுத்து. விமானம் இல்லாத இடத்திற்கு இவ்வளவு பெரிய அலுவலகம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். விமானம் இருந்திருந்தால் ஒரு கவுண்டர் போதுமே.

உள்ளே சுவர் நிறைய ஓர் உலகப் படம். நடுவில் சுவாங்மே. அங்கிருந்து பாரிஸ், நைரோபி, டொரொன்டோ என்று எல்லாத் திசைக்கும் கோடுகள், கோட்டு முனைகளில் சின்னச் சின்ன விளக்குகள். மாநகரங்கள் எல்லாம் சுவாங்மேயைச் சுற்றி மினுங்கிக்கொண்டிருந்தன.

பணிப்பாளர் திரு. குவோ எழுந்து வந்து அவன் கைகள் இரண்டையும் பற்றிக்கொண்டார். நல்ல ஆங்கிலம், நல்ல கோட்டு, நல்ல பற்கள். லண்டன் வாடிக்கையாளர் ஒருவரை உயிரோடு பார்ப்பது இதுவே முதல் தடவை என்றார். அவனை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். நிர்மலன் மாமியின் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னான். வியாழக்கிழமையைச் சொன்னான். போன பிள்ளையைப் பற்றியும் சொன்னான். அதை வெளியாள் ஒருவரிடம் சொல்வது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

குவோ கவனமாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

“மிஸ்டர் நிர்மலன், விமானம் என்பது உலோகம். உலோகம் துருப்பிடிக்கும். தொடர்பு துருப்பிடிக்காது. ஆகவே நாங்கள் முதலில் தொடர்பை உண்டாக்குகிறோம். விமானம் வைத்திருக்கும் நிலையங்களைப் பாருங்கள். விமானம் தாமதமாகிறது, பெட்டி தொலைகிறது, பயணி கோபிக்கிறான். எங்கள் லண்டன் தடத்தில் இன்றுவரை ஒரு நிமிடத் தாமதம் கிடையாது. ஒரு பெட்டிகூடத் தொலைந்ததில்லை.”

“அது விமானமே இல்லாதபடியால்தானே” என்றான் நிர்மலன்.

“அதைத்தான் சொல்கிறேன்” என்றார் குவோ பெருமையோடு.

“அப்ப என்னுடைய மாமி?”

“அவர் தாமதப்படவில்லை. விமானம் இடைமாறிக்கொண்டிருக்கிறார். மற்ற இடங்களில் இடைமாறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் தருவார்கள். அவசரப்படுத்துவார்கள். நாங்கள் அப்படிச் செய்வதில்லை. அதோடு, அடுத்த வாரம் தலைநகரிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. ‘சர்வதேச’ என்ற பெயர் எங்களிடம் இருக்க வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அப்போது இடைமாறும் மண்டபத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் மாமியார் மிக நன்றாக உட்காருகிறார் என்று அறிக்கை வந்திருக்கிறது.”

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருவது இந்த இடத்தில்தான். அந்த மனிதர் கெட்டவர் என்றால் ஒரு அறை விட்டுவிட்டு வந்துவிடலாம். அவர் கெட்டவர் இல்லை. நிர்மலனுக்கு இரண்டாவது தேநீர் ஊற்றினார். ஒரு பெரிய பொய்யைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பராமரிப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் மிக நல்ல மனிதர்களாக இருந்து தொலைக்கிறார்கள்.

மாமியிடம் நேரடியாக நலம் விசாரித்து அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று குவோ விரும்பினார். அதற்கு மொழிபெயர்ப்பாளராகப் பணியகத்தின் தெற்காசிய ஆலோசகர் வாசுதேவன் அழைக்கப்பட்டார். கோயம்புத்தூர்க்காரர், நிதித்துறையில் படித்தவர், நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று. தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்து, மிகுந்த மரியாதையோடு ஆரம்பித்தார்.

“அம்மா, வணக்கம். லண்டன் ஆபீஸ்ல இருந்து பேசறேன். சௌக்கியமா இருக்கீங்களா? கையில என்ன கொண்டு வர்றீங்கம்மா?”

“சரக்குத்தான் தம்பி. மகளுக்கு” என்றார் மாமி.

பிள்ளை பெற்றவளுக்கு யாழ்ப்பாணத்தில் மிளகும் மல்லியும் மஞ்சளும் உள்ளிப்பூண்டும் சேர்த்து ஒரு கறி வைத்துக் கொடுப்பார்கள். அதற்கு வறுத்து இடித்த தூளுக்குப் பெயர் சரக்கு. இதை எந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் சொல்லும். வாசுதேவன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை அல்ல. அவருக்குத் தெரிந்த சரக்கு இரண்டு. ஒன்று லாரியில் ஏறுவது, மற்றது பாட்டிலில் இறங்குவது.

“சரக்கா?” என்றார் அவர் மெல்ல. “நெறையவாம்மா?”

“மூண்டு மாசத்துக்குக் காணும். காலமையும் மத்தியானமும் குடுத்தாத்தானே வயித்துப்புண் ஆறும். கடையிலை வாங்கின சாமான் இல்லைத் தம்பி, நானே கையாலை செய்தது. நல்ல காரம்.”

வாசுதேவன் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு நிர்மலன் பக்கம் சாய்ந்தார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க பக்கத்துல டெலிவரி ஆனவங்களுக்கு இதைக் குடுக்கறதுண்டா?”

“ஓம் அண்ணை, கட்டாயம் குடுக்க வேணும்” என்றான் நிர்மலன். காலையிலிருந்து அவனிடம் கேட்கப்பட்ட முதல் புத்தியுள்ள கேள்வி அதுதான். “எனக்கும் நல்ல விருப்பம். மாமி கொண்டு வந்தா நானும் மாலினியோடை சேர்ந்து ஒரு பிடி பிடிப்பன்.”

வாசுதேவன் நெற்றிச் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டார். ஒரு தமிழ்க் குடும்பத்தின் மானம் அவர் நாக்கு நுனியில் நின்றது. பிறகு குவோவைப் பார்த்து, இரண்டு அர்த்தத்தில் கௌரவமானதைத் தேர்ந்தெடுத்து, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்: கார்கோ.

குவோ எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

சர்வதேச விமான நிலையம் என்றால் பயணியும் வர வேண்டும், சரக்கும் வர வேண்டும் என்பது விதி. பயணியாக மாமி வந்துவிட்டார். வெளிநாட்டுச் சரக்கு மட்டும் அதுவரை ஒரு கிராம்கூட வந்ததில்லை. குவோ அங்கேயே நின்று சுவாங்மேக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் கைதட்டுவது மேசைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை மாமி மறுபடி அழைத்தார்.

“தம்பி, என்னை வேறை இடத்துக்கு மாத்திப்போட்டினம். இஞ்சை சனமே இல்லை, பெட்டியள்தான். என்ரை கையிலை ஒரு மட்டை கட்டியிருக்கினம்.”

“என்ன மட்டை மாமி?”

“எழுத்து விளங்கேல்லை. பெட்டிக்குக் கட்டினதும் அதுதான், எனக்குக் கட்டினதும் அதுதான். குறை சொல்லக்கூடாது, நல்ல பிள்ளையள். தேத்தண்ணி தருகினம், காலுக்குத் தலகாணி வைச்சு விடுகினம். ஆனா விடுகினமில்லைத் தம்பி. மாலினிக்கு எப்பிடி இருக்கு? வயிறு இறங்கிட்டுதோ?”

நிர்மலன் மீண்டும் ஹோல்போர்னுக்கு ஓடினான். அந்தச் சரக்கு இந்தச் சரக்கு இல்லை, அது கறித்தூள் என்று குவோவுக்கு விளக்கினான். வாசுதேவனுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. குவோவுக்கு அது வடிந்தது.

“தூளா? தூள் என்றால் தாவரப் பொருள். தாவரப் பொருள் என்றால் பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும்.”

“சரி, அனுப்புங்கோவன்.”

“கூடம் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் கட்டப்படும்.” குவோ குரலைத் தணித்தார். “மிஸ்டர் நிர்மலன், நண்பனாகச் சொல்கிறேன். தூள் என்றால் உங்கள் மாமியார் ஐந்து வருடம் இருக்க வேண்டி வரலாம். பயணி என்றால் ஆய்வுக் குழு வரும்வரை, அதாவது ஒத்திவைக்கப்படாவிட்டால் அடுத்த வாரம்வரை. சரக்கு என்றால் நாளைக்கே புறப்படலாம். எங்களிடம் லண்டனுக்குப் பயணி விமானம்தான் இல்லை. காலுறை விமானம் இருக்கிறது.”

அது உண்மைதான். லண்டன் மக்கள் மாட்டிக்கொள்ளும் காலுறைகளில் கணிசமானவை சுவாங்மேயில் நெய்யப்பட்டவை. அவை புதன்கிழமைதோறும் ஒரு சரக்கு விமானத்தில் ஏறி, யாரிடமும் விசா கேட்காமல், ஒழுங்காக லண்டன் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. விமானிக்குப் பின்னால் சரக்கோடு வருபவருக்கு ஓர் இருக்கையும் உண்டு. வியாழன் காலை மாமி இறங்கிவிடலாம். நிர்மலனுக்குக் கண் கலங்கியது. குவோவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு சின்ன நடைமுறை மட்டும்” என்றார் குவோ. “நாளை பிற்பகல் இங்கே ஹோட்டலில் எங்கள் வான்தொடர்பு விழா. நீங்கள் மேடைக்கு வந்து, சுவாங்மே வழியாக வந்த சரக்கைப் பெற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.”

“அது வந்து சேர முதலோ?”

“பெற்றுக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்ளாத ஒருவருக்கு நாங்கள் எப்படி அனுப்புவது?”

நிர்மலன் வாய் திறந்தான். வாசுதேவன் அவனைத் தோளில் தட்டி லிப்ட்டுக்குக் கூட்டிப் போனார்.

“சார், ஒத்துக்கோங்க. நானும் வந்த புதுசுல கேள்வி கேட்டேன். இங்க ஒரு கேள்வி கேட்டா அதுக்குன்னு ஒரு டிபார்ட்மென்ட் தொறப்பாங்க. அப்புறம் அந்த டிபார்ட்மென்ட்டைத் தாண்டித்தான் நீங்க போகணும்.”

“உங்களுக்கு இந்த வேலை சரிவருதோ அண்ணை?”

“பொண்ணு யுனிவர்சிட்டியில சேரப் போறா சார்” என்றார் வாசுதேவன்.

விழா பெரிய ஹோட்டலில் நடந்தது. மேடையில் அந்த விளக்குப் படத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். லண்டன் விளக்கு மட்டும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, நிர்மலன் பொத்தானை அமுக்கி எரிய வைப்பதற்காக. நிகழ்ச்சி நிரலில் அவன் எட்டாவது.

முதலில் பரோ எனப்படும் லண்டன் நகரப் பிரிவு ஒன்றின் மேயர், கழுத்துச் சங்கிலியோடு பேசினார். “எங்கள் பரோவில் விமான நிலையம் இல்லை. சுவாங்மேயில் விமானம் இல்லை. இரு தரப்பும் சம நிலையில் நின்று கைகோப்பதுதான் உண்மையான கூட்டுறவு” என்றார். போன மாதம் சுவாங்மேக்குத் தன் மனைவியுடன் போய் வந்ததாகவும், நீர்வீழ்ச்சி மிக அழகு என்றும், எப்படிப் போனீர்கள் என்று யாரும் கேட்க வேண்டாம் என்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பீஜிங்கில் இறங்கி ரயிலில் போனாராம்.

அடுத்து யோகராஜா. அவரை யார் கூப்பிட்டது என்று தெரியவில்லை. கோட்டுச் சூட்டோடு வந்து, பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து உதறி, குவோவின் தோளில் போர்த்தி, ‘வான்தொடர்பு வேந்தன்’ என்ற பட்டத்தையும் தமிழிலேயே வழங்கினார். லண்டனில் ஒரு மேடை இருந்து, அதில் பொன்னாடை போர்த்தத் தமிழன் ஒருவன் இல்லாமல் போனதாகச் சரித்திரம் இல்லை.

நிர்மலனின் சட்டைப்பைக்குள் தொலைபேசி துடித்தது. மாலினி.

“இஞ்சாருங்கோ, எனக்கு வயித்துநோ எழும்பிட்டுது. நாளைவரைக்கும் தாங்காது போலை. அம்புலன்ஸுக்கு அடிச்சிட்டன். நீங்கள் வாங்கோ.”

அவன் எழுந்தான். அப்போது மேடையில் நான்காவது பேச்சு. முன்வரிசைக்குக் குனிந்தபடி போய்க் குவோவிடம் சொன்னான். குவோ உண்மையாகவே கவலைப்பட்டார்.

“போங்கள், உடனே போங்கள். மனைவிதான் முக்கியம். மாமியாரை அடுத்த விழாவில் விடுவித்துக்கொள்ளலாம்.”

“அடுத்த விழா எப்ப?”

“வசந்த காலத்தில்.”

நிர்மலன் நின்றான். மனைவியிடம் போவதா, அவள் கேட்ட ஒரே ஒரு ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதா? நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். விமான நிலையம் கட்டியவர்கள், விளக்குப் படம் செய்தவர்கள், பொன்னாடை நெய்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பெட்ரோல் நிலையத் தொழிலாளியை அந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். அவன் திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

ஐந்தாவது பேச்சாளர் தொடர்பின் வரலாற்றைப் பட்டுப் பாதையிலிருந்து தொடங்கினார். ஆறாவது பேச்சாளர் அதை மறுத்தார். ஏழாவதாகக் குவோ, பொன்னாடையோடு எழுந்தார்.

“சிலர் எங்களைக் கேட்கிறார்கள், பயணிகள் எங்கே என்று. பயணிகள் விமான நிலையத்தை அழுக்காக்குகிறார்கள். எங்கள் தரை எப்படிப் பளபளக்கிறது என்று வந்து பாருங்கள். ஆனாலும் மக்களுக்குச் சேவை செய்யவே நாங்கள் இருக்கிறோம். அதற்குச் சாட்சி இதோ.”

நிர்மலன் மேடையேறினான். நான்கு பக்கமும் வெளிச்சம் அடித்தது. பையில் தொலைபேசி மறுபடி துடித்தது, நின்றது, துடித்தது. மைக்கைப் பிடித்தான்.

“என்னுடைய மாமி… சுவாங்மே வழியாக வந்த சரக்கை நான் பெற்றுக்கொண்டேன்” என்றான். பொத்தானை அமுக்கினான். லண்டன் எரிந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் படிகளைத் தாண்டித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. நன்றாகக் கத்திக்கொண்டிருந்தது. மாலினி சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். அவன் பிள்ளையை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

“இந்தமுறையும் ஒருத்தருமில்லை” என்றாள் அவள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“மாமி காலமை வந்திடுவா. நான் எல்லாம் சரிப்பண்ணிட்டுத்தான் வாறன்.”

வியாழன் காலை சரக்கு விமானம் நேரத்துக்கு வந்தது. காலுறைகள் வந்தன. மாமி வரவில்லை.

குவோவுக்குத் தொலைபேசி எடுத்தான். குவோ அவனுக்கு வாழ்த்துச் சொன்னார். சரக்கும் அதனோடு வந்தவரும் நேற்றுப் பிற்பகலே லண்டனில் ஒப்படைக்கப்பட்டு, கோப்பு மூடப்பட்டுவிட்டது என்றார். நீங்களே மேடையில் சொன்னீர்களே, வீடியோ இருக்கிறதே என்றார்.

“அப்ப அங்கை இருக்கிறது ஆர்?”

“எங்கே?”

“சுவாங்மேயில். மட்டை கட்டின மனிசி.”

குவோ விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். விசாரித்துப் பார்த்ததில், சரக்கு மண்டபத்தில் எந்தக் கோப்பிலும் இல்லாத ஒரு வயோதிகப் பெண் காணப்பட்டது தெரிய வந்தது. பயணியும் இல்லை, சரக்கும் இல்லை. சர்வதேச விமான நிலையத்தில் தொடர்பற்ற நபர் ஒருவர் இருப்பது ஆய்வுக் குழுவின் கண்ணில் பட்டால் என்ன ஆவது? பாங்கொக் விமானம் திரும்பும்போது அதில் ஏற்றி, அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். சரக்குப் போத்தலை மட்டும் தரவில்லை. அது நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், ‘முதலாவது சர்வதேசச் சரக்கு’ என்ற பலகையோடு இருக்கிறது.

“கும்பிட்டுத்தான் தம்பி அனுப்பினவை” என்றார் மாமி, வெள்ளவத்தையிலிருந்து. “ஒரு பெடிச்சி அழுதும்போட்டாள். என்ரை பேத்தி ஆரைப்போலை? மாலினி சாப்பிடுறாளோ?”

நிர்மலன் டூட்டிங்கில் பாக்கெட் சரக்குத்தூள் வாங்கி, மாமி தொலைபேசியில் சொல்லச் சொல்லக் கறி வைத்தான். மாலினி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். ஆய்வுக் குழு சுவாங்மேக்கு வந்து, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, ‘சர்வதேச’ என்ற பெயரை இன்னும் பத்து வருடத்துக்கு நீடித்தது. குவோவுக்குப் பதவி உயர்வு.

பிள்ளைக்கு மூன்று மாதமானபோது, கையிலிருந்த விசாவின் காலம் முடிந்திருந்ததால், மாமி மறுபடி விசாவுக்குப் போனார். விசா அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தர முடியாது, நீங்கள் இப்போது லண்டனில் இருக்கிறீர்கள் என்றார். சுவாங்மேயிலிருந்து வந்த பட்டியலில் நீங்கள் இறங்கியது இருக்கிறது, திரும்பியது இல்லை என்றார்.

“நான் உங்களுக்கு முன்னாலை நிக்கிறன் ஐயா” என்று மாமி சொன்னாராம்.

அது தங்கள் பரிசீலனைக்குரிய விஷயம் அல்ல என்று பதில் வந்ததாம். விசா காலம் முடிந்த பிறகும் லண்டனில் தங்கியிருக்கும் ஒருவருக்குப் புது விசா கேட்பது குற்றம் என்றும் எச்சரித்து அனுப்பினார்கள்.

அடுத்த மாதம், ஒரு காலை நேரம், மோர்டன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நிர்மலன் வேலைக்குப் போயிருந்தான். அடையாள அட்டை மாட்டிய இரண்டு அதிகாரிகள் நின்றார்கள். ஒரு வெள்ளைக்காரர், ஒரு பெண். அவர்களோடு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். பரிமளகாந்தி என்ற பெண்மணி இந்த விலாசத்தில் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பதாகத் தகவல், வீட்டைத் தேட வேண்டும் என்றார் அந்த வெள்ளைக்காரர்.

மாலினி பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி அவர்களைப் பார்த்தாள். பிறகு கதவை முழுதாகத் திறந்து, ஓரமாக விலகி நின்றாள்.

“வாங்கோ, உள்ளுக்கு வந்து தேடுங்கோ” என்றாள். “குசினியைப் பாருங்கோ, மேலை அறையைப் பாருங்கோ, அலுமாரியையும் திறந்து பாருங்கோ. எங்கையாவது கண்டியளெண்டால் முதல் எனக்குச் சொல்லுங்கோ. நானும் அம்மாவைத்தான் தேடுறன்.”

மொழிபெயர்ப்பாளர் தலை குனிந்துகொண்டார். அதை அவர் ஆங்கிலத்தில் சொல்லவில்லை.